பாலாற்று வட்டாரத்தில் விடியற்காலை உடற்பயிற்சியும் அதற்கான உந்துதலின் இருப்பிடமும்

விடியற்காலை உடற்பயிற்சி என்பது முதல் நாள் இரவு பத்து மணிக்கு உறுதியாகத் தீர்மானிக்கப்பட்டு, மறுநாள் காலை ஐந்து மணிக்கு மறுபரிசீலனைக்கு வரும் ஒரு செயல். தீர்மானித்தவரும் மறுபரிசீலனை செய்பவரும் ஒரே ஆள் என்பது சட்டப்படி சரி, மற்றபடி நிரூபிக்கப்படவில்லை. இவ்விருவருக்கும் இடையே நடக்கும் வழக்கில் முதலாமவர் ஜெயிப்பதற்குத் தேவைப்படும் பொருளே உந்துதல். அது எங்கே கிடைக்கிறது என்பதை, ராணிப்பேட்டையில் தொடங்கி வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தை வைத்து ஆராயலாம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. விடியற்காலைத் தூக்கத்தைப் பொறுத்தவரை மூன்று மாவட்டங்களும் இன்னும் ஒரே நிர்வாகத்தில்தான் இருக்கின்றன.

உடலியல் இந்த வழக்கில் மறுபரிசீலனை செய்பவர் பக்கமே சாட்சி சொல்கிறது. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான் உடலின் உள்வெப்பம் மிகத் தாழ்ந்திருக்கும். கண் விழித்த பிறகும் மூளை முழுதாக வேலைக்கு வரப் பதினைந்து முதல் முப்பது நிமிடம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்ற தீர்ப்பு வழங்கப்படுவது இந்த இடைவெளியில்தான். நீதிபதி நாற்காலியில் வந்து உட்காரும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுவதால் மேல்முறையீட்டுக்கு வழியில்லை. படுக்கையில் உந்துதல் இருந்ததற்கான தடயம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அதை வெளியில் தேடுவதே முறை.

வெளியில் முதலில் தட்டுப்படுவது வெயில். வேலூரை வெயிலூர் என்று அழைப்பது உள்ளூர்க்காரர்களின் பழைய கேலி. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியாகாது. மே 4 முதல் 28 வரை பஞ்சாங்கமே அக்கினி நட்சத்திரம் என்று எச்சரிக்கிறது. அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கு மேல் கோட்டை மைதானத்தைச் சுற்றுபவர் பயிற்சி செய்கிறார் என்று சொல்வதைவிடப் பதனிடப்படுகிறார் என்பதே பொருந்தும். ஆகவே சூரியனை முந்தியாக வேண்டும். ஜூன் தொடக்கத்தில் அது 5:45 வாக்கில் உதித்துவிடுகிறது. ஜனவரிக் கடைசியில் 6:40 வரை பொறுத்திருக்கும். ஆனால் அப்போது பனி தலையில் இறங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். நடுவில் மழை. இப்படியாகப் பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனிக் காரணம் தரும் தட்பவெப்பம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

வட்டார வரலாற்றில் காலைப் பயிற்சி குறித்த மிக விரிவான பதிவு 1806ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு ஜூலை 10 காலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களுக்குப் பயிற்சி அணிவகுப்பு குறிக்கப்பட்டிருந்தது. குடும்பத்தோடு இருந்த சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் வசித்தார்கள். விடிவதற்குள் ஆளைத் திரட்ட வேண்டுமே என்று முந்தின இரவு பெரும்பாலோரைக் கோட்டைக்குள்ளேயே படுக்க வைத்தார்கள். பயிற்சிக்கு வரவேண்டியவரை முதல் நாள் இரவே மைதானத்துக்குப் பக்கத்தில் தூங்க வைப்பது கொள்கையளவில் அருமையான ஏற்பாடு. இன்றுவரை இதைவிட உறுதியான வழியை யாரும் சொல்லவில்லை. ஆனால் சிப்பாய்கள் குறித்த நேரத்துக்கும் முன்பே, நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரத்துக்குள் எழுந்துவிட்டார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் சின்னம் வைத்த புதுத் தொப்பி என்று 1805 நவம்பரில் வந்த ஆணை அவர்களை எழுப்பியிருந்தது. பின்னாளில் தோலால் பிழைக்கப்போகும் வட்டாரத்தில் தோலே கலகத்துக்கு ஒரு காரணமானது தற்செயல்தான் என்றாலும், ஆய்வாளர் கண்ணில் படாமல் போகாது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தார். அவருக்குச் சித்தம் சரியில்லை என்று சொல்லி அடைத்து வைத்தார்கள். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பதற்கு இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று கிடையாது. படுக்கையில் கிடந்தவர்கள் உட்பட ஆங்கிலேயப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லஸ்பி ஏறக்குறைய 25 கிலோமீட்டர் குதிரையில் விரைந்து வந்து கோட்டையை மீட்டபோது சில நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். இந்த இடத்தில் வேடிக்கைக்கு ஒன்றுமில்லை. ஆய்வுக்குப் பயன்படும் செய்தி ஒன்றே: அன்று எழுந்தவர் யாரையும் உடல்நலம் குறித்த அக்கறை எழுப்பவில்லை.

இன்று அதே கோட்டையைச் சுற்றி ஊரார் நடக்கிறார்கள். அகழியில் ஒரு காலத்தில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்பது வழிவழியாக வரும் பேச்சு. உண்மையானால், ஓட்டப் பயிற்சிக்கான மிகச் சிறந்த உபகரணம் ஒன்றை ஊர் இழந்திருக்கிறது. கோட்டைக்குள் சுவாமி இல்லாமல் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சுவாமி திரும்பிய பிறகு வேறொரு வசதி உண்டானது: மைதானத்தில் பாதிச் சுற்றோடு நின்றுவிடுபவர், கோயிலுக்குத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வட்டாரத்தில் உண்மையாகவே விடியுமுன் எழுபவர்கள் வேறு ஆட்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இருட்டிலேயே எழுந்து, சோறு வடித்து, டப்பா கட்டி, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கிறார்கள், நேரமானால் ஓடுகிறார்கள். இவர்களிடம் உந்துதல் பற்றாக்குறை என்ற புகார் எழுந்ததே இல்லை. பற்றாக்குறையெல்லாம் பஸ் நிற்கும் நேரத்தில்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பஜ்ரு தொழுகைக்கு எழுபவர்கள் இன்னொரு பிரிவினர். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்ற அறிவிப்பு அதிகாலைப் பாங்கில் மட்டும் சேர்கிறது. மற்ற நான்கு வேளைகளுக்கு அது தேவைப்படவில்லை. போட்டி எதனோடு என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அழைப்பு அது. இரு பிரிவினரையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை துலங்கும். அவர்கள் மனசு வந்து எழுவதில்லை. வெளியே ஒன்று நேரத்துக்கு வந்து நிற்கிறது; அது அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

உடற்பயிற்சிக்காரருக்கு அப்படி எந்த பஸ்ஸும் வராது. எனவே அவர் ஷூ வாங்குகிறார். ஷூ ஊரில் ஷூவுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டுக்குப் போனது போக மிச்சம் நெடுஞ்சாலையோரக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் ஆம்பூரின் பெருமை தோல் ஷூ. அது ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் ஏற்றது. ஓடுவதற்கான ரகம் கிழக்கே செய்யாறு சிப்காட்டில் பன்னாட்டு நிறுவனங்களுக்காகத் தயாராகிறது. தோல் அல்லாத காலணிக்கும் ஊக்கம் தரும் கொள்கையை மாநில அரசு 2022இல் வெளியிட்டது. எந்த ரகமானாலும் புது ஷூ தரும் உந்துதல் அது கடிக்கத் தொடங்கும் நாள் வரைக்கும்தான்.

கம்பெனி பஸ்ஸுக்கு ஓரளவு ஈடாக நிற்பது கூட்டாளி மட்டுமே. தெருமுனையில் ஒருவர் நின்றுகொண்டு, “இன்னாப்பா, இன்னும் ஏந்துக்கலையா? கீழ நிக்கிறேன்” என்று போன் போட்டால், வழக்கு அந்த நிமிடமே முடிந்துவிடும். மூளை வேலைக்கு வராவிட்டாலும் மானம் வந்துவிடும். இந்த முறையின் ஒரே பக்கவிளைவு டீக்கடை. அரை மணி நேர நடையில் செலவாவது ஏறக்குறைய நூறு முதல் நூற்றைம்பது கலோரி. அதை ஒரு டீயும் ஒரு மெதுவடையும் பேச்சோடு பேச்சாகத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இரண்டாவது வடை முதல் கணக்கு எதிர்ப்பக்கம் ஏறுகிறது. இருந்தும் டீக்கடையை நீக்கினால் கூட்டாளி வரமாட்டார். கூட்டாளி இல்லாவிட்டால் நடையே இல்லை. ஆகவே வடையைப் பயிற்சியின் பகுதியாகக் கருதுவதே நியாயம்.

உந்துதல் எத்தனை நாளைக்குத் தேவைப்படும் என்பது கடைசிக் கேள்வி. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் அச்சான ஆய்வின்படி, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகிறது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறுகிறது. ஜனவரி 1இல் சபதம் எடுப்பவருக்கு 66ஆம் நாள் மார்ச் 7. பழக்கம் படியும் அதே வாரத்தில் வெயிலும் ஏறத் தொடங்கும். 254 நாள் ரகத்தைச் சேர்ந்தவர் அக்கினி நட்சத்திரத்தையும் தாண்டி செப்டம்பர் 11 வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. இந்த ஒரு முடிவு மட்டும் லண்டனிலிருந்து வருவதற்கு முன்பே வட்டாரம் முழுக்க நடைமுறையில் இருந்தது. விட்டுப்போகும் அந்த நாள் பொதுவாக ஞாயிறு. அன்று காலை ஆட்டுக்கறிக் கடை வரிசையில் பையோடு நிற்பதும், மதியம் சீரகச் சம்பா பிரியாணிக்காக அண்டாவைத் தூக்கி இறக்குவதும் பயிற்சிக் கணக்கில் சேருமா என்பது தனியாக ஆராய வேண்டிய பொருள்.