அலர் தூற்றும் படலம்: ஐஸ் ஹாக்கி ரசிகர் பேச்சு பற்றி ஓர் ஆய்வு

கனடாவுக்குக் கள ஆய்வு செய்யப் போகிறவர் முதலில் நுழைய வேண்டிய இடம் நூலகம் அல்ல, டிம் ஹார்டன்ஸ் காபிக் கடை. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் ஈழத்தமிழர் வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி 'டபுள் டபுள்' வாங்குகிற அதே கடைதான்: கிரீம் இரண்டு, சர்க்கரை இரண்டு. அந்தக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி யாரைத் தள்ளிவிட வேண்டும், யாரை இழுத்துவர வேண்டும், நேற்று எந்த எதிரணிக்காரன் முழங்கையை ஓங்கினான் என்று பேசுகிறவர்களே இந்த ஆய்வின் மூலத் தரவு. கடைக்குப் பெயர் தந்த டிம் ஹார்டன், லீஃப்ஸின் தற்காப்பு வீரர். லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை அந்த அணியோடு 4 முறை வென்றவர். 1964-இல் ஹாமில்டனில் முதல் கடையைத் திறந்தவர். 1970 மார்ச்சில் லீஃப்ஸ் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கைமாற்றிவிட்டது. ஆக, விற்கப்பட்ட ஒருவரின் பெயர் அச்சிட்ட கோப்பையில் குடித்தபடியே அடுத்து யாரை விற்கலாம் என்று பேசுகிறார்கள். கோப்பை எதுவும் சொல்வதில்லை.

ஹாக்கி என்றதும் தமிழ் வாசகருக்குத் தன்ராஜ் பிள்ளையும் பச்சைத் தரையும் நினைவுக்கு வரலாம். இது வேறு. பனித்தளம், சறுக்குக் காலணி, 'பக்' என்கிற ரப்பர் வட்டு, என்.ஹெச்.எல். என்ற லீக், 32 அணிகள், 2025–26 பருவத்தில் அணி ஒன்றுக்கு 82 ஆட்டங்கள். ஆட்டங்களுக்கு இடையே எஞ்சும் நேரம் முழுவதும் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரும்.

வதந்தியை எப்படி வகைப்படுத்துவது? வட அமெரிக்கர்களிடம் இதற்கு ஒரே சொல்தான் உண்டு. நம்மவர்கள் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இரண்டு வைத்திருந்தார்கள். தலைவனும் தலைவியும் பழகுவதைச் சிலர் மட்டும் அறிந்து வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். ஊரே வெளிப்படையாகப் பேசினால் அலர். முன்னது மொட்டு, பின்னது மலர்ந்த பூ. இந்தப் பாகுபாடு என்.ஹெச்.எல்.லுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. 'இரண்டு மூன்று அணிகள் விசாரித்திருக்கின்றன' என்று தொலைக்காட்சி நிருபர் ஒருவர் இடைவேளையில் சொன்னால் அது அம்பல். மறுநாள் காபிக் கடையில் அந்த வீரர் வீட்டை விற்கப் போகிறாராம் என்று பேச்சு வந்துவிட்டால் அது அலர். அகப்பாடலில் தலைவன், தலைவி இருவரின் பெயரையும் சொல்லக் கூடாது. இங்கே வீரனின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், தகவல் தந்தவரின் பெயரைத்தான் சொல்லக் கூடாது. மரபில் நேர்ந்திருக்கும் மாற்றம் இவ்வளவே.

அஃதேல், அலர் பொய்யாகவே முடியாதோ எனின், பெரும்பாலும் பொய்யாகவே முடியும். ஆனாலும் ரசிகர் விடாமல் நம்புவதற்குக் காரணம் உண்டு. எப்போதாவது ஒரு முறை அது அச்சுப் பிசகாமல் மெய்யாகிவிடும்.

அதற்கு வான்கூவர் சான்று. 2024–25 பருவத்தில் வான்கூவர் கனக்ஸின் இரு முன்னணி வீரர்களான ஜே. டி. மில்லருக்கும் எலியாஸ் பெட்டர்சனுக்கும் ஆகவில்லை என்று பேச்சு கிளம்பியது. ரசிகர்கள் நாடி பார்ப்பவர்களாக மாறினார்கள். கோல் விழுந்ததும் யார் யாரைத் தட்டிக்கொடுத்தார், பெஞ்சில் யாருக்கும் யாருக்கும் இடையே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், பயிற்சியில் முறைத்தாரா, வெயில் கூசியதா (உள்ளரங்கில் வெயில் ஏது என்று யாரும் கேட்கவில்லை) என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். வீரர்கள் மறுத்தார்கள். மறுப்பே ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2025 ஜனவரிக் கடைசியில் அணியின் தலைவர் ஜிம் ரதர்ஃபோர்டே ஒரு நாளிதழ்ப் பேட்டியில் பிளவு உண்மைதான், தீர்க்க முடியவில்லை என்கிற அளவுக்கு ஒப்புக்கொண்டார். ஜனவரி 31 அன்று மில்லர் நியூயார்க் போனார். அவருக்கு ஈடாகக் கிடைத்த முதல் சுற்றுத் தேர்வுரிமையை (புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கான உரிமை) அன்றே பிட்ஸ்பர்க்கிடம் கொடுத்து வான்கூவர் வாங்கியவர்களில் ஒருவரின் பெயர் மார்கஸ் பெட்டர்சன். அதற்குச் சில நாள் முன்புதான் எலியாஸ் பெட்டர்சன் என்று அதே முழுப்பெயருள்ள இன்னொரு இளம் வீரரும் அணிக்குள் வந்திருந்தார். ஒரு பெட்டர்சனோடு ஒத்துப்போகாதவர் வெளியேறினார். உள்ளே மூன்று பெட்டர்சன்கள். இவ்வளவையும் முன்கூட்டி எந்த வதந்தியும் சொல்லவில்லை என்பது அத்துறையின் கற்பனை வறட்சியைக் காட்டுகிறது.

அடுத்து விலைக் கோட்பாடு. 'நம்ம நாலு பேரைக் கொடுத்து அவங்க ஒருத்தனை வாங்கிடலாம்' என்பதே ரசிகப் பொருளாதாரத்தின் அடிப்படைச் சூத்திரம். அந்த நாலு பேர் நமக்கு வேண்டாதவர்கள் என்றால், எதிரணிக்கு மட்டும் ஏன் வேண்டும் என்ற கேள்வி இச்சூத்திரத்தில் இடம்பெறாது. 2005 வரை இது எளிய கணக்கு. அந்த ஆண்டு அணிக்கு 3.9 கோடி டாலர் என்று சம்பள உச்சவரம்பு வந்தது. 2025–26-இல் அது 9.55 கோடி. வரம்பு வந்த நாளிலிருந்து கடைசி வரிசையில் பாப்கார்ன் தின்றுகொண்டிருப்பவரும் பட்டயக் கணக்காளர்தான். எவனுடைய சம்பளத்தில் எத்தனை விழுக்காட்டை விற்கிற அணியே சுமக்கும், எவனுடைய ஒப்பந்தத்தில் அவன் ஒப்புதலின்றி மாற்ற முடியாது என்ற ஷரத்து இருக்கிறது என்று மளமளவென்று சொல்வார். சொந்த வீட்டு வரிக்கணக்கை மனைவிதான் பார்க்கிறார்.

வரலாற்றில் விலைகள் சீராக இருந்ததில்லை. 1993-இல் வின்னிபெக் அணி கிரிஸ் டிரேப்பரை டெட்ராய்ட்டுக்கு 1 டாலருக்குக் கொடுத்தது. அவர் அங்கே 4 கோப்பைகளை வென்றார். 1983-இல் இளையோர் லீக் ஒன்றில் டாம் மார்ட்டின் என்ற வீரருக்கு ஈடாக சியாட்டில் அணி பெற்றுக்கொண்ட முக்கியப் பொருள் ஒரு பழைய பேருந்து. 'எதிர்காலத்தில் பார்த்துக்கொள்வோம்' என்ற பொருளில் ஒரு சொற்றொடரும் ஒப்பந்தங்களில் உண்டு. அதாவது, இப்போதைக்கு ஒன்றும் தர மாட்டோம். நம் கல்யாண வீடுகளில் 'பின்னால் செய்வோம்' என்று சொல்லிவிட்டுப் போகிற தாய்மாமனை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று விளங்கும்.

ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்த கதையும் நடந்திருக்கிறது. 1991-இல் கியூபெக் நோர்டீக்ஸ் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த எரிக் லிண்ட்ரோஸ், அங்கே ஆட முடியாது என்று நின்றுவிட்டார். ஓராண்டு கழித்து கியூபெக் அவரைப் பிலடெல்பியாவுக்கும் பேசி முடித்தது, நியூயார்க்குக்கும் பேசி முடித்தது. நடுவர் ஒருவரை அமர்த்தி, சாட்சிகளை விசாரித்து, 1992 ஜூன் 30 அன்று பிலடெல்பியாவின் பத்திரமே செல்லும் என்று தீர்ப்பானது. ஈடாக வந்தவர்களில் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் என்ற சுவீடன் பையனும் ஒருவர். அவர் பெரிய ஆட்டக்காரரானார். அணி கோப்பையும் வென்றது. ஆனால் அது 1996-இல். 1995-லேயே அணியை மூட்டை கட்டிக் கொலராடோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கியூபெக் ரசிகர்கள் பங்கைப் போட்டார்கள், பலனை டென்வர்க்காரர்கள் சாப்பிட்டார்கள்.

துயரத்தின் உச்சம் எட்மன்டன். 1988 ஆகஸ்ட் 9 அன்று வேய்ன் கிரெட்ஸ்கியை, இன்னும் இரண்டு வீரர்களோடு சேர்த்து, ஆயிலர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றது. வந்தது இரண்டு வீரர்கள், மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், 1.5 கோடி டாலர் ரொக்கம். செய்தியாளர் முன் கிரெட்ஸ்கி கண்ணைத் துடைத்தார். அரசு தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்று புதிய ஜனநாயகக் கட்சியின் நெல்சன் ரீஸ் குரல் கொடுத்தார். உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனின் கொடும்பாவி எரிந்தது. மகள் உடன்போக்குப் போனபின் வெறும் வீட்டில் நின்று புலம்பும் செவிலித்தாயின் நிலை அது. பாலைத்திணை என்று துணிந்து சொல்லலாம், பனி ஆட்டத்தின் ஊர் என்றாலும். செவிலி மகளை நோவதில்லை, கூட்டிப்போனவனைத்தான் நோவாள். எட்மன்டனில் பலர் பழி போட்டது, ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு கிரெட்ஸ்கி மணந்திருந்த அமெரிக்க நடிகை ஜேனட் ஜோன்ஸ் மீது. அந்தப் பெண் செய்த குற்றம், நடிகையாக இருந்தது.

அலர் எப்போது முடிகிறது? 2017 நவம்பர் 5, புரூக்ளின். கொலராடோவின் மாட் டுஷேன் பற்றி நெடுநாளாக வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. முதல் பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே அவரைப் பனித்தளத்திலிருந்து வெளியே அழைத்தார்கள். அடிபட்டிருக்குமோ என்று பார்த்தால், அடி எதுவும் இல்லை. மூன்று அணிகள் சேர்ந்த ஒப்பந்தம் முடிந்து, அந்த நிமிடத்தில் அவர் ஒட்டாவாக்காரர். உடம்பில் கொலராடோ ஜெர்சி ஈரமாக இருக்கிறது, ஆனால் அது இனி அவருடையதல்ல. அதே வாரம் ஸ்டாக்ஹோமில் ஒட்டாவா இரண்டு ஆட்டம் ஆடியது. எதிரணி கொலராடோ.

மைக் கமலெரிக்கும் 2012 ஜனவரியில் இப்படி நடந்தது. பாஸ்டனில் மாண்ட்ரியலுக்காக இரண்டு பகுதிகள் ஆடியவர், மூன்றாவது பகுதிக்கு வரவில்லை.

இனி ஒழுக்க இயல். நடத்தைக்காக விற்கப்பட்டவர்களில் தலையாயவர் டெட்ராய்ட்டின் டெட் லிண்ட்சே. அவர் செய்த குற்றம் வீரர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்றது. 1957-இல் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். இன்று வீரர்களே வாக்களித்து ஆண்டுதோறும் வழங்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவர் பெயரில் இருக்கிறது. ஹார்டனுக்குக் காகிதக் கோப்பை, லிண்ட்சேக்கு விருதுக் கோப்பை. விற்றுவிட்டுப் பெயர் வைப்பது இத்துறையின் மரபு போலும்.

மற்றக் குற்றங்களை விசாரிக்க 2011 முதல் லீக்கில் வீரர் பாதுகாப்புத் துறை என்று ஒன்று இயங்குகிறது. 2017 முதல் அதன் தலைவர் ஜார்ஜ் பாரோஸ். பிரின்ஸ்டனில் பொருளாதாரம் படித்தவர். ஆடிய காலத்தில் அவர் வேலையே சண்டை போடுவது. திருடனைப் பிடிக்கத் திருடனை வைத்த கதை என்று நினைப்பவர் உண்டு. துறைசார் வல்லுநர் நியமனம் என்று இவ்வாய்வு கருதுகிறது. தண்டனை எப்படி முடிவாகிறது என்று புரியாத ரசிகர்கள், அலுவலகத்தில் ஒரு சுழல்சக்கரம் இருப்பதாகவும் அதைச் சுற்றிவிட்டுத்தான் நாள் குறிக்கிறார்கள் என்றும் நெடுங்காலமாகக் கேலி செய்கிறார்கள். விலைப்பட்டியலைப் பார்த்தால் சக்கரமே மேல் என்று தோன்றும்.

2021 மே 3, மாடிசன் ஸ்கொயர் கார்டன். வாஷிங்டனின் டாம் வில்சன், குப்புற விழுந்து கிடந்த ரேஞ்சர்ஸ் வீரர் பவேல் புச்னேவிச்சைக் குத்தினார். பின் அர்டெமி பனாரினைத் தூக்கிப் பனியில் அடித்தார். பனாரின் அந்தப் பருவத்தில் அப்புறம் ஆடவில்லை. வில்சனுக்கு அபராதம் 5,000 டாலர். அன்றைய ஒப்பந்தப்படி அதுதான் உச்சம். கொதித்துப்போன ரேஞ்சர்ஸ் நிர்வாகம், பாரோஸ் அந்தப் பதவிக்கே தகுதியற்றவர் என்று அறிக்கை விட்டது. அறிக்கைக்கு அபராதம் 2,50,000 டாலர். அதாவது அடித்ததைப் போல 50 மடங்கு, அதைக் கண்டித்ததற்கு. இடையில் மே 5 அன்று இரு அணிகளும் மறுபடி மோதின. ஆட்டம் தொடங்கி 1 விநாடியில் மூன்று சண்டைகள் ஒரே நேரத்தில் நடந்தன.

இப்பட்டியலில் முழுமைக்காகச் சேர்க்க வேண்டியது ஒன்று. 2018 பிளேஆஃபில் (பருவ இறுதி வெளியேற்றுச் சுற்றுகளில்) பாஸ்டனின் பிராட் மார்ஷண்ட், முகத்தோடு முகம் வைத்து வம்பிழுக்கும்போது டொரொன்டோவின் லியோ கொமரோவை நக்கினார். அடுத்த சுற்றில் டாம்பாவின் ரயன் காலஹனையும் நக்கினார். அபராதம் இல்லை, இனிமேல் வேண்டாம் என்று லீக் சொல்லியனுப்பியது. ஆகவே, முஷ்டியால் குத்த 5,000. நாக்கால் நக்க இலவசம். அதே நாக்கால் அதிகாரியை விமர்சிக்க 2,50,000. நாகாக்க வேண்டியதன் பொருளாதாரத்தை இவ்வளவு துல்லியமாக வேறெந்த லீக்கும் நிறுவியதில்லை.

மார்ஷண்டை விட்டால் இந்த ஆய்வே இல்லை. 2022 பிப்ரவரிக்குள் 8 முறை இடைநீக்கம். எலி என்று பட்டப்பெயர். பாஸ்டனில் அவர் செல்லப்பிள்ளையாக இருந்தார், 2023-இலிருந்து கேப்டனாகவும். 2024 மே மாதம் ஃபுளோரிடா பாந்தர்ஸின் சாம் பென்னட் அவரை முகத்தில் தாக்கி வெளியேற்றியபோது பாஸ்டன் ரசிகர்கள் பென்னட்டுக்கு ஆயுள் தண்டனை கேட்காத குறை. பத்து மாதம் கழித்து, 2025 மார்ச் 7 அன்று, பாஸ்டன் மார்ஷண்டை ஃபுளோரிடாவுக்கே விற்றது. அவரும் பென்னட்டும் ஒரே அறையில் உடை மாற்றி, ஜூனில் எட்மன்டனை 6 ஆட்டத்தில் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். தொடர் நாயகன் பென்னட்.

எலிப் பட்டம் அங்கே பழுத்தது. 1995 அக்டோபரில் ஃபுளோரிடாவின் ஸ்காட் மெல்லன்பி, உடைமாற்றும் அறைக்குள் ஓடிவந்த எலியை மட்டையால் அடித்துக் கொன்றுவிட்டுப் போய் அன்று 2 கோல் போட்டார். அன்றிலிருந்து பிளாஸ்டிக் எலியை எறிந்து கொண்டாடுவது அவ்வூர் வழக்கம். 2025-இல் வெற்றிகளுக்குப் பிறகு பனியில் விழுந்த எலிகளைச் சக வீரர்கள் மட்டையால் மார்ஷண்ட் மீது விளாசினார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஓடினார்.

டொரொன்டோ நிலைமை வேறு. தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் 2013, 2018, 2019, 2024-இல் பாஸ்டனுக்காகவும் 2025-இல் ஃபுளோரிடாவுக்காகவும் லீஃப்ஸை வீட்டுக்கு அனுப்பிய அணிகளில் இருந்த ஆள் மார்ஷண்ட். டபுள் டபுள் அருந்துவோரில் அவர் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்காதவர் இல்லை. இந்தச் சூழலில், 2025 ஜூனில் அவர் ஒப்பந்தம் முடிகிற வேளை, லீஃப்ஸ் அவரை எடுக்கலாம் என்று ஓர் அம்பல் எழுந்தது. இரண்டே நாளில் அலரானது. நோவா ஸ்கோஷியாவில் சின்ன வயதில் அவர் லீஃப்ஸ் ரசிகராம் என்பது நினைவுகூரப்பட்டது. நக்கியது குறும்பாயிற்று. எந்த லைனில் எந்தப் பக்கம் ஆடவிடலாம், 37 வயதுக்கு எத்தனை ஆண்டு தரலாம் என்று கோப்பை ஆறும்வரை பேச்சு நடந்தது. ஜூலை பிறப்பதற்குள் ஃபுளோரிடாவோடு 6 ஆண்டுக்கு ஒத்துக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. அன்று மாலையே நாக்கு மறுபடி குற்றப்பட்டியலில் ஏறியது.