மட்டைவெட்டி அண்ணன்

சிம்பாங் அம்பாட் டோலில் இறங்கி ஊருக்குள் வருகிறவர்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம். 'என் லேப்டாப் ரொம்ப ஸ்லோ' என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஒட்டுக்கடையில் தே தாரே ஆறுவதற்குள் மட்டைவெட்டி அண்ணன் வந்து நிற்பார். சாவிக்கொத்தில் சாவி ஒன்று, பென்டிரைவ் நாலு. கூலி வாங்கமாட்டார், ஒரு மீ கோரேங் போதும்.

இந்த இனம் ஊருக்கு ஒன்று உண்டு. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து இவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் அது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு என்று கேட்கிறது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்காரர் எங்கே போவார்? அண்ணனிடம்தான்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறப்பார். "பாத்தீங்களா, சும்மா இருக்கும்போதே ரெண்டு ஜிபி தின்னுது!" என்று உங்களையே முறைப்பார். பிறகு டைனி11 ஏறும். என்டிடெவ் என்ற புனைபெயர்க்காரர் 2023-இல் வெளியிட்ட மெலிந்த விண்டோஸ் அது. 2 ஜிபி ராமில் ஓடும். 8 ஜிபி இடம் போதும். வேண்டாத விளையாட்டு, விளம்பரமெல்லாம் காலி. கிழட்டு லேப்டாப் துள்ளி ஓடும். அதோடு நிறுத்தினால் அண்ணனுக்குக் கோயிலே கட்டலாம்.

நிறுத்தமாட்டார். அடுத்தது டைனி11 கோர். அதில் அப்டேட் கிடையாது, வைரஸைத் தடுக்கும் டிஃபென்டர் முடங்கிக் கிடக்கும். சோதித்துப் பார்க்கத்தான், அன்றாட வேலைக்கல்ல என்று செய்தவரே சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்த வரியையும் வெட்டிவிட்டார்.

ஒருநாள் தமிழ்ப்பள்ளி டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"லேப்டாப் பறக்குது தம்பி. ஆனா கேள்வித்தாள் பிரிண்ட் ஆகலையே?"

"இந்தக் காலத்துல யாரு டீச்சர் பிரிண்ட் எடுக்குறா? அந்த சர்வீஸ நிறுத்திட்டேன். பத்து எம்பி மிச்சம்!"

"தமிழ்ல தட்டவும் வரலையே?"

"ஓ, அதுவும் இருந்துச்சா?"

எதை வெட்டவும் ஓர் அளவு உண்டு. செம்பனையில் காய்ந்த மட்டையை வெட்டினால் குலை அறுக்க வசதி. பச்சை மட்டையையும் கண்டபடி வெட்டினால் பின்னால் குலை குறையும். தோட்டத்தில் வளர்ந்த அண்ணனுக்கு இது தெரியாதா என்ன? மவுஸைப் பிடித்தால் மறந்துவிடும்.

அண்ணன் ஏற்றுகிற விண்டோஸ் கோப்பைச் சுருக்கியது யார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். "டெலிகிராம்ல ஒரு நல்ல பையன் போட்டான்" என்பார். டோரன்டில் சுற்றிய திருட்டு விண்டோஸ் 10 கோப்புகளில் கிரிப்டோ பணத்தைத் திருடும் நிரல் ஒளிந்திருந்ததை 2023 ஜூனில் டாக்டர் வெப் நிறுவனம் கண்டுபிடித்தது. போனது சுமார் 19,000 டாலர். அதையும் ஒரு நல்ல பையன்தான் போட்டிருப்பான். மைக்ரோசாஃப்டின் அசல் கோப்பை எடுத்து நாமே வெட்டிக்கொள்ள என்டிடெவ் ஸ்கிரிப்டே தந்திருக்கிறார். அதற்கு அண்ணனுக்குப் பொறுமை இல்லை.

கடைசியில் டீச்சரின் மகள் விடுமுறைக்கு வந்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தாள். வேர்ட் இல்லை, லிப்ரெஆபிஸ் பழகவேண்டும்; அதுதான் கஷ்டம். மற்றபடி காசு கேட்காது, அப்டேட் வரும், பிரிண்டரும் தமிழும் திரும்பி வந்தன. அண்ணன் வந்து டாஸ்க் மேனேஜரைத் தேடினார். ராம் கணக்கைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எல்லாம் சரி பாப்பா. இதுல நான் எதை வெட்டுறது?"