சொறிமீனுக்கு மனைவி பெயர்

ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் டாக்டருக்குப் படித்தது அப்பாவின் ஆசைக்காக. படித்து முடித்துப் பெர்லினில் போர்டும் மாட்டினார். நோயாளிகளைப் பார்க்க அவர் ஒதுக்கிய நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறு வரை என்பார்கள். அந்தக் குளிரில், அந்த நேரத்தில் எழுந்து நடந்து வரத் தெம்பிருப்பவனுக்கு டாக்டர் எதற்கு? கூட்டம் வரவில்லை. மனிதர் நிம்மதியாக 1859-ல் இத்தாலிக்கு மூட்டை கட்டினார்.

அங்கே போனதும் புதுச் சபலம்: ஓவியராகிவிட்டால் என்ன? நல்லவேளையாக மெசினா கடல் காப்பாற்றியது. மொண்ட தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ரேடியோலேரியா! ஒற்றைச் செல் உயிர்தான். ஆனால் உடம்புக்குள் கண்ணாடியால் செய்த ஜிமிக்கி மாதிரி ஒரு கூடு. டாக்டரையும் ஓவியரையும் ஒரே ஆளாக்க இது போதாதா? 1862-ல் ரேடியோலேரியா புத்தகம் வந்தது. அதே வருஷம் உறவுக்காரப் பெண் அன்னா சேத்தேவோடு கல்யாணமும் நடந்தது.

1864 பிப்ரவரி 16, ஹெக்கலின் முப்பதாவது பிறந்தநாள். அன்றைக்கே அன்னா இறந்துபோனார்.

1867-ல் ஆக்னெஸைக் கட்டிக்கொண்டார். அதோடு மனிதர் சும்மா இருந்தாரா? பல வருஷம் கழித்து, நீண்ட உணர்கொம்புகள் அலையும் ஒரு சொறிமீனைப் பார்த்ததும் அன்னாவின் கூந்தல் ஞாபகம் வந்துவிட்டது. உடனே ‘டெஸ்மோனெமா அன்னாசேத்தே’ என்று பெயர் வைத்தார். 1899 முதல் 1904 வரை தவணை தவணையாக வந்த ‘இயற்கையின் கலை வடிவங்கள்’ தொகுப்பின் நூறு படங்களில் எட்டாவதில் அதுதான் கதாநாயகி. கூடவே, தன் வாழ்வின் இன்பமான நாள்களுக்கு அன்னாவே காரணம் என்று அச்சிலும் போட்டார். பக்கத்து அறையில் ஆக்னெஸ்! ஜெனாவில் கட்டிய வீட்டுக்கு ‘வில்லா மெடூசா’ என்று பெயர் (மெடூசா என்றாலும் சொறிமீன்தான்), உட்கூரையிலும் சொறிமீன்கள். பாவம், அந்த அம்மாள் அண்ணாந்துகூடப் பார்க்க முடியாது.

படங்களைக் கல்லச்சில் கொண்டுவந்தவர் அடால்ஃப் கில்ட்ஷ். பாதிப் புகழ் அவருக்குப் போயிருக்க வேண்டும். படத்திலுள்ள ஜந்துக்களோ சந்தேகப்படும்படி ஒழுங்கானவை. கடலில் கொம்பு முறிந்தது, ஒரு பக்கம் சப்பையானது எல்லாம் உண்டு. ஹெக்கலின் தாளில் மட்டும் ஒன்றுகூடக் கோணாது. இந்தக் கைவரிசை அவருக்கு வெகுநாள் பழக்கம். 1868 புத்தகத்தில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருவுக்கும் ஒரே அச்சுக்கட்டையை மூன்று தடவை அடித்து, ‘பாருங்கள், வித்தியாசமே இல்லை’ என்றவராயிற்றே! எப்படி இருக்கும்? எதிராளிகள் கண்டுபிடித்துக் கிழித்தார்கள். கட்டை மாறியது, மனிதர் மாறவில்லை.

கலைஞர்களுக்கு இதெல்லாம் ஒரு குற்றமா? 1900 பாரிஸ் கண்காட்சியின் பிரம்மாண்ட நுழைவாயிலை கட்டடக் கலைஞர் ரேனே பினே ஹெக்கலின் ரேடியோலேரியா படங்களைப் பார்த்துத்தான் கட்டினார். விஞ்ஞானத்தில் ஏமாற்றுவேலை, சுவரில் அலங்காரம் என்பது என் தீர்ப்பு.

ஹெக்கல் 1919-ல் போய்ச் சேர்ந்தார். காப்புரிமையும் எப்போதோ காலாவதி. இப்போது யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கிறார்கள். எட்டாம் படத்தை வாங்கி மாட்டுகிறவர்கள், ‘இது யாருடைய கூந்தல்?’ என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பதிலையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.