கதவுக்குப் பின்னே ஒரு சுரங்கம்

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணுக்கு அடியில் கிடப்பதையெல்லாம் தோண்டி வெயிலில் போட்டுவிடுவார்கள். மேசைக்கு மேல் பேசியது மட்டும் வெளியே வராது. நிலம் எடுக்கச் சுரங்க நிறுவனம், அரசு, விவசாயிகள் என முத்தரப்புப் பேச்சு என்பார்கள், அறைக்கதவு சாத்திக்கொள்ளும். என்ன பேசினீர்கள் என்றால், "வழக்கு கோர்ட்டில் இருக்கிறதே!"

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவி கிராமத்தில், சுரங்கத்துக்கான பரவனாற்று வாய்க்கால் வெட்ட, வளர்ந்து நின்ற நெல்லில் பொக்லைன் இறங்கியது. அதற்கு ஒரு ரகசியமும் தேவைப்படவில்லை. போலீஸ் காவல், டிவி கேமரா, பட்டப்பகல். அறுவடை வரை இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்ற நீதிபதி கேட்டதும், ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்றதும் ஊரறியத் திறந்த கோர்ட்டில்தான். அப்படியானால் அந்த அறைக்குள் என்னதான் நடந்தது? காபி நன்றாக இருந்திருக்கும்.

2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(பி) பிரிவைப் புரட்டினால், கோர்ட் வெளியிடத் தடை போட்டதையும், வெளியிட்டால் கோர்ட் அவமதிப்பாகக் கூடியதையும்தான் மறுக்கலாம் என்றிருக்கிறது. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் அதில் காரணமில்லை.

ஆகவே விவசாயிகளே, பத்து ரூபாய் கட்டணம் கட்டி, கூட்டக் குறிப்பின் நகல் கேட்டு மனுப் போடுங்கள்.