மண்ணாசை யாருக்கு?

"இந்த வயசுல சிவனேன்னு கிடக்க வேண்டியதுதானே!" நம் வீட்டுக் கிழடுகளுக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைப்பது இந்த உபதேசம் ஒன்றுதான். இரண்டாவது காபி கேட்டால் உபதேசம். கண்ணாடி மாற்றக் கேட்டால் உபதேசம். முழங்கால் வலிக்கிறது என்றால், "முருகான்னு சொல்லிக்கிட்டுப் படு." மகனுக்குத் தலை வலித்தால் மட்டும் ஸ்கேன். அங்கே முருகனுக்கு வேலையில்லை.

அரசாங்கத்தின் பக்தியும் குறைந்ததல்ல. அறநிலையத்துறை மூத்த குடிமக்களை இலவசமாக அறுபடை வீடுகளுக்கு அழைத்துப்போகிறது. வயது 60 முதல் 70 வரை. 71 ஆகிவிட்டால் முருகன்தான் மயிலேறி வர வேண்டும். டெல்லியின் ஆன்மிகம் இன்னும் ஆழமானது. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு, 80 வயது ஆகும்வரை, மாதம் 200 ரூபாய். 2007-இலும் 200, இன்றும் 200. பற்றறுக்க இதைவிடச் சிறந்த பயிற்சியை எந்த மடம் தரும்?

அரிசி வாங்கப் போனாலும் சோதனைதான். "கைரேகை விழலையே பாட்டி, நல்லாத் தொடச்சுட்டு வை." நாற்று நட்டும் பத்துப்பாத்திரம் தேய்த்தும் வழவழத்துப்போன கட்டைவிரலை முந்தானையில் துடைக்கிறாள், வைக்கிறாள், மறுபடி துடைக்கிறாள். வாழ்நாளெல்லாம் உழைத்து ரேகையைத் தொலைத்தவளை ஆளே இல்லை என்கிறது இயந்திரம்.

அவளிடம் போய்ச் சாவுக்குப் பயமா என்று கேளுங்கள். "சாவு வந்தா வரட்டும்யா, கிடையில மட்டும் விழுந்துறக் கூடாது" என்பாள். மோட்சமெல்லாம் அவள் கேட்பதில்லை. கைகால் நடமாட்டத்தோடு கொண்டுபோய்விடு என்றுதான் சாமியிடம் மன்றாடுகிறாள். எமனை நம்பலாம். பீ மூத்திரம் அள்ள ஆள் வருமா என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

அந்தப் பயம் வீண்பயமும் அல்ல. கிடையில் விழுந்த கிழடுகளை அனுப்பிவைப்பதற்கு விருதுநகர் பக்கம் பெயரே உண்டு: தலைக்கூத்தல். விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, வயிறு முட்ட இளநீர் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு கதை முடியும். 2010-இல் செய்தி வெடித்தபோது நாடே பதறியது. பிறகு சேனலை மாற்றிவிட்டது.

இதற்கும் வேதாந்தம் வைத்திருக்கிறோம். உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தால், "கிழவிக்கு மண்ணாசை விடலை" என்று சொல்லி, வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். எந்த வயல்? போன வருஷம் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய், சார்பதிவாளர் அலுவலகத்தில் தானமாக எழுதி வாங்கிக்கொண்ட அதே வயல்! கவனித்துக்கொள்வதாக நிபந்தனை எழுதிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம் என்கிறது 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லிக் கிழவிக்கு யார் சொன்னது? பிரவசனம் கேட்கக் கூட்டிப்போன எவனாவது சொன்னானா?

செத்தபின் மட்டும் தெருமுனையில் "கண்ணீர் அஞ்சலி" ஃபிளெக்ஸ், வேட்டுச் சத்தம், பதினாறாம் நாள் விருந்து. அந்தச் செலவில் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் கிழவிக்கு முதுகில் புண் வந்திருக்காது.

மண்ணைக் கரைத்து ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஊற்றுங்கள். அதற்கு முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, அவன் வாயில் ஊற்றுங்கள்.