காத்து வராத வண்டிக்குக் கேஸ் எதுக்குக் கண்ணு?

ஏங்கண்ணு, மொகத்தை எதுக்கு இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறே? ஏசி போட்டாக் காத்து வரமாட்டீங்குதா? அதுக்கா வெடியால புடிச்சு போனை நோண்டிக்கிட்டுக் கெடக்கறே? ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏத்தி ஏத்தி, தாராபுரம் ரோட்டுப் புழுதியெல்லாம் குடிச்ச பிக்கப்பு அது. அதுக்கு மூச்சு வாங்காம என்ன பண்ணும்?

நீ என்ன வைத்தியம் பாத்தேன்னு சொல்லட்டா? டேஷ்போர்டு மேல சென்ட்டு பாட்டிலு வெச்சே. நீலமா எரியற லைட்டு ஒட்டுனே. யுஎஸ்பியில சொருகற குட்டி ஃபேனு ஒண்ணு வாங்குனே. அப்பவும் வேர்க்குதுன்னு போயி கேஸ் அடிச்சுட்டு வந்தே. வந்துச்சா காத்து?

எப்படிக் கண்ணு வரும்? கேஸு இருக்கறது குளுருக்கு. காத்தைத் தள்றது ப்ளோயரு. ரெண்டுக்கும் சோலி வேற வேற. கேஸு சொட்டுக்கூட இல்லாமப் போனாலும் காத்து திம்முன்னு வந்துதான் தீரோணும், என்ன, சூடா வரும். இதைக் கேஸ் அடிக்கறவன் எடுத்துச் சொல்லுவானா? சொன்னா அவன் கல்லாவுல என்ன உளுகும்?

சித்தெ காதைத் தீட்டிக்க. ப்ளோயர் திருகை ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வெச்சுப் பாரு. நாலுல மட்டும் சுத்தி, மத்ததுல செத்துக் கெடந்தா ரெசிஸ்டர் போயிருச்சுன்னு அர்த்தம். நாலாவதுல கரண்டு ரெசிஸ்டர் பக்கமே போகாம நேரா மோட்டாருக்குப் போயிரும், அதனாலதான் அது மட்டும் தப்பிக்குது. ரெசிஸ்டரை மாத்து, வேண்டாங்கல. ஆனா மாத்தி மாத்தி எரிஞ்சா? காத்துப் போற வழியிலயேதான் அதைக் குளுர வெச்சிருக்கறாங்க. வழி அடைச்சுக் கெடந்தாலும் எரியும், மோட்டார் இறுகிப் போயி கரண்டை ஏகமா இழுத்தாலும் எரியும். எய்தவன் அங்க இருக்க, நீ அம்பை மாத்திக்கிட்டே இருப்பியா?

நாலுல வெச்சும் சத்தமே மெதுவா இருந்தா மோட்டாரு சங்கதி. கார்பன் தேஞ்சிருக்கும், இல்லாட்டி சாக்கெட்டு உருகியிருக்கும். வண்டி ஓடறப்ப மோட்டார் சாக்கெட்டுல மீட்டரை வெச்சுப் பாரு. பன்னெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டோணும். ஒம்போது, பத்துன்னு காட்டுனா மிச்சத்தை வழியில வயரு தின்னுருச்சு.

பக்கத்தூர்ல ஒருத்தன் கதை கேளு. புது மோட்டாரு போட்டான். சத்தம் ரைஸ் மில்லு தோத்துப் போயிரும், காத்து மட்டும் இல்ல. கடைசியில பாத்தா ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்திருக்கறான். உள்ளாற இருக்கறது கூண்டு ஃபேனு. அது எதுக்காலே சுத்துனாலும் முன்னாலதான் தள்ளும், ஆனா அரைகொறையாத் தள்ளும். ஊட்டு ஃபேனு மாதிரி பின்னால வீசுனாலாச்சும் உடனே கண்டுபுடிச்சிருப்பான். இவன் ஒரு கோடை பூராவும் ‘புது மோட்டாருங்க’ன்னு பெருமை பேசிக்கிட்டே வேர்த்து ஊத்துனான்.

உன்ற வண்டியில சத்தம் நல்லாத்தான் வருது. அப்ப எங்கியோ அடைப்பு. காத்து எங்க உள்ள போகுதுன்னு என்னைக்காவது பாத்திருக்கறியா? முன்கண்ணாடிக்குக் கீழ சல்லடை மாதிரி ஒரு பட்டை இருக்குதில்ல, அதுதான் வாசல். நீ வண்டியை நிறுத்தறது எங்க? வேப்பமரத்தடியில. பூவும் எலையும் சருகும் அதுல உளுந்து, மழையில நனைஞ்சு, ஃபேன் கூண்டுக்குள்ளாற போயி உக்காந்திருக்கும்.

அதோட முடிஞ்சுதா? பழைய பிக்கப்பு பலதுல ஏசி ஃபில்டரே கெடையாது. புழுதி நேரா கூலிங் காயில்லதான் போயி ஒட்டும். ஏசி ஓடறப்பக் காயில் ஈரமாவே இருக்கும். ஈரத்துல புழுதி ஏறி ஏறி, கம்பளி போத்துன ஆட்டம் படிஞ்சு கெடக்கும். அதுல கேஸை அடிச்சா என்ன, பன்னீரை அடிச்சா என்ன? அதைக் கழுவறேன்னு வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போயிராதே. அலுமினியத் தகடு காயிதம் கனந்தான், மடங்கிப் போச்சுன்னா இருந்த சந்தும் போச்சு. மெதுவாத் தண்ணி உட்டு, மெத்துன பிரசுல எடுக்கோணும். தண்ணி வெளிய போற ட்யூப்பையும் பாத்துக்க. அது அடைச்சிருந்தா பக்கத்துச் சீட்டு மேட்டு ஈரமாவே கெடக்கும்.

எலி கூடு கட்டியிருந்தா மட்டும் வெளையாட்டு வேண்டாம் சாமி. மூக்கு வாயை நல்லா மூடிக்க, கையொறை போட்டுக்க. காத்தடிச்சு ஊதாதே, புழுக்கையெல்லாம் பறக்கும். மருந்துத் தண்ணி தெளிச்சு நனைச்சு எடு. எலிக் காய்ச்சலு ஏசியை விட நல்லாக் குளுர வெச்சுரும்.

கெளம்பறப்பக் காத்து நல்லா வந்து, பல்லடம் தாண்டறதுக்குள்ள கொறைஞ்சு போகுதா? அப்ப காயில்ல ஐஸ் கட்டுது. ஏசியை நிறுத்திட்டு ப்ளோயரை மட்டும் சித்த நேரம் ஓட உடு. காத்து திரும்பி வந்தா அதேதான். இதுக்குக் கேஸ் கொறைச்சலும் ஒரு காரணம், ஒத்துக்கறேன். கேஸ்காரனுக்கும் ஒரு எடத்துல மரியாதை குடுக்கோணுமில்ல?

மொகத்துக்குத் திருப்புனா காலுக்கு வருதுன்னா, உள்ளாற மூடியை இழுக்கற கேபிளு கழண்டிருக்கும். கிளிப்பு மாட்டுனா தீந்துச்சு.

ஒருக்காக் கதவுக் கண்ணாடியை எறக்கிப் பாரு. ஒடனே காத்து ஏறுதா? அப்ப உள்ள வந்த காத்து வெளிய போக வழியில்லாம நிக்குது. சீட்டுக்குப் பின்னால என்ன வெச்சிருக்கறே? தார்ப்பாயி, ரெண்டு கட்டுச் சாக்கு, ஜாக்கி, போன நோம்பிக்கு வாங்குன பந்தல் துணி. ஊட்டைக் காலி பண்ணிட்டா வந்திருக்கறே?

செரி, ஸ்க்ரூ டிரைவரை எடு. குளோவ் பாக்ஸைக் கழட்டலாம், ப்ளோயரு அதுக்குப் பின்னாலதான் இருக்குது. அதுக்கு முந்தி உள்ளாற இருக்கற இன்சூரன்ஸ் காயிதத்தை எடுத்து வெளிய வெய்யி. எலி மிச்சம் வெச்சிருந்தா.