முழங்காலைத் தொட அனுமதி

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள சித்திக்கு,

"பிசியோதெரபி படிச்சவ அமெரிக்காவுல துண்டு மடிக்கிறாளாமே" என்று பெரிய மாமா கல்யாண வீட்டில் சொன்னாராம். பொய்யில்லை. லைசென்ஸ் வரும்வரை நான் ஒரு கிளினிக்கில் உதவியாள்தான். துண்டு மடிப்பேன், கட்டில் துடைப்பேன், ஒத்தடப் பையைச் சூடாக்குவேன். வைத்தியம் என்று சொல்லி ஒரு முழங்காலைத் தொட்டுவிடக் கூடாது. இப்போது லைசென்ஸ் வந்துவிட்டது. மாமாவுக்கும் கேட்கிறமாதிரி சத்தமாக வாசியுங்கள்.

லைசென்ஸுக்காக முதலில் என் படிப்பை எடை போட்டார்கள். இங்கே பிசியோக்கள் ஒரு டிகிரி முடித்த பிறகு மேலும் மூன்று வருஷம் படித்து டாக்டர் பட்டத்தோடு வருகிறார்கள். நான் படித்தது பிளஸ் டூ முடித்து நாலரை வருஷம். அதில் என்னென்ன படித்தேன் என்று பாடத்திட்டம் மொத்தத்தையும் முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டி, படித்த இடத்திலிருந்தே நேராக அனுப்பவேண்டும். அந்த முத்திரைக்காக அப்பா நடந்த நடையில் அவருக்குச் சர்க்கரை குறைந்ததுதான் மிச்சம்.

உறையைப் பிரித்தவர்கள், "எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சரி, கலை இலக்கியம் எங்கே?" என்றார்கள். பயாலஜி குரூப் எடுத்தவளுக்கு ஏது கலை? அந்தக் குறையை நிரப்ப கிளெப் என்று ஒரு பரீட்சை. 80க்கு 50 வாங்கினால் போதும். கிரேக்க நாடகம், ஆப்பரா, ஓவியம் எல்லாம் உருப்போட்டேன். மைக்கேலேஞ்சலோவின் டேவிட் சிலையைப் பார்த்தால் எனக்கு அழகு தெரியவில்லை. ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறானே, இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்றுதான் தோன்றியது.

அடுத்தது டோஃபல் என்கிற ஆங்கிலப் பரீட்சை. நான் எழுதியபோது 15 வினாடி யோசித்து 45 வினாடி பேசவேண்டியிருந்தது. நம் குடும்பத்தில் 45 வினாடியில் பேச்சை முடித்தவர் உண்டா?

பெரிய பரீட்சை, பிசியோதெரபி லைசென்ஸுக்கான என்.பி.டி.இ. அதை நம்மூரில் உட்கார்ந்து எழுத முடியாது, இங்கே வந்துதான் எழுதவேண்டும். வருஷத்துக்கு நாலு தேதி, ஆயுசுக்கு ஆறு வாய்ப்பு. 800க்கு 600 எடுத்தால் பாஸ். வாசலில் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டி, சட்டைக் கையை மடக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் காம்பைக்கூட உருட்டிப் பார்த்தார்கள். ஐந்து மணி நேரம் கம்ப்யூட்டரில் விடையைத் தட்டிவிட்டு எழுந்தேன். கைரேகை எடுத்தார்கள், டெக்சாஸ் சட்டத்தில் தனியாகப் பரீட்சை வைத்தார்கள். இத்தனையிலும் ஒருவர்கூட என் கை வேலையைப் பார்க்கவில்லை, சித்தி!

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். இங்கே சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு நோயாளி டாக்டர் சீட்டு இல்லாமலே நேராகப் பிசியோவிடம் வரலாம். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் அது சுளுக்கா, ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்துவிட்டதா என்று முதலில் சந்தேகப்படத் தெரியவேண்டும். தெரியாமல் நீவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் ஆளையே கொன்றுவிடலாம். பரீட்சையில் இந்த மாதிரிக் கேள்விகளைப் பார்த்த பிறகு என் புலம்பல் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்கு மெடிகேர் இருக்கிறது. வயதானவர்களுக்கான அந்த அரசாங்கக் காப்பீட்டில், ஒரு பயிற்சியை எட்டு நிமிஷமாவது செய்திருந்தால்தான் காசு. தாத்தா ஏழாவது நிமிஷத்தில் பேரன் கதையை ஆரம்பித்தால் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது.

மாமா மகனும் பிசியோதெரபி (பி.பி.டி.) கடைசி வருஷமாமே? கல்லூரியை விட்டு வெளியே வருமுன் பாடத்திட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் முட்டி வலிக்கு என்னிடம் போனில் பயிற்சி கேட்காதீர்கள். என் லைசென்ஸ் டெக்சாஸ் எல்லையோடு சரி. பக்கத்து ஓக்லஹோமாவுக்கே தனி அனுமதி வேண்டும். கோவில்பட்டி எந்தக் கணக்கில் வரும்? நம்மூர் பிசியோவிடமே போங்கள். எட்டு நிமிஷத்துக்கு மேல் பார்த்தால், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் அன்பு மகள்